கட்டாயம் – யாருக்கு?

வகுப்பறையிலே ஒரு நாள் இரு மாணவர்களிடையே சச்சரவு. ஒருவன் மற்றவனைப் பார்த்து, "போடா, வெட்டிப்பயலே!" என்று ஏசிவிட்டான். ஏசப்பட்டவன் கண் கலங்க நம்மிடம் வந்து முறையிட்டான். இருவரையும் அழைத்துச் சமாதானம் செய்துவைத்தோம். சச்சரவு அன்றே தீர்ந்தது. அந்தச் சொல் மட்டும் நம்மைவிட்டு அகலவில்லை.

வெட்டிப்பயல், வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை – இன்று இச்சொல்லுக்குப் பொருள் என்ன? பயனற்றது, வீணானது, உழைக்காமல் ஊர் சுற்றுவது. ஆனால் சோழர் காலத்துக் கல்வெட்டிலே இதே சொல்லைக் கண்டால், அங்கே அதற்குப் பொருள் வேறு. கூலி கொடாமல் குடிமக்களிடம் வாங்கப்பட்ட உழைப்புக்கு அங்கே வெட்டி என்று பெயர்.

விந்தையைப் பாரீர்! ஏரிக்கரைக்கு மண் சுமந்தவன் செய்தது வெட்டி. வாய்க்காலில் இறங்கித் தூர் எடுத்தவன் செய்தது வெட்டி. அந்த நீரிலே விளைந்த நெல்லோ வேறொருவன் களஞ்சியத்தை நிறைத்தது. கடைசியில் சோம்பேறிக்குச் சூட்டும் பட்டமாக எது வந்து சேர்ந்தது? உழைத்தவன் செய்த வேலையின் பெயர்! கூலியைப் பறித்ததோடு சமூகம் நிற்கவில்லை. உழைப்பு என்ற மதிப்பையும் சேர்த்தே பறித்தது. எளியவனின் உழைப்பு கணக்கில் ஏறாதபோது, மொழியும் அதனைக் கணக்கில் ஏற்ற மறுத்துவிட்டது.

ஒரே ஒரு சொல்லின் கதை இது. கட்டாயம் என்ற எண்ணமோ சட்ட ஏடுகளிலே எத்தனையோ வேடம் புனைந்திருக்கிறது. வெட்டி, ஊழியம், வல்லந்தம், நிர்ப்பந்தம், வற்புறுத்தல், கொத்தடிமை என்று பெயர்கள் மாறின. ஆட்சிகளும் மாறின. மாறாமல் நின்றது எது, மாறியது எது என்று சற்றே ஆராய்வோம். ஆராயும்போது மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொள்வோம்: கட்டியவர் யார்? கட்டுண்டவர் யார்? எதைக் கொண்டு கட்டினர்?

கல்வெட்டிலே வெட்டி

கூலியில்லா வேலையை வடமொழி நூல்கள் 'விஷ்டி' என்று குறிக்கின்றன. அதுவே தமிழில் வெட்டி ஆயிற்று என்பது அகராதியாசிரியர் கருத்து. அர்த்தசாஸ்திரம் விஷ்டியை அரசுக்குரிய உழைப்பாகவே பேசுகிறது. கி.பி. 150-ஆம் ஆண்டளவில், இன்றைய குசராத்தில் உள்ள சூனாகட்டிலே உருத்திரதாமன் என்னும் அரசன் ஒரு கல்வெட்டுப் பொறித்தான். உடைந்துபோன சுதர்சன ஏரியைத் தன் பொருள் செலவிட்டுப் புதுப்பித்ததாகவும், அதற்காகக் குடிகளிடம் வரி கறக்கவில்லை, விஷ்டி வாங்கவில்லை என்றும் அதில் பெருமை பேசுகிறான். வாங்கவில்லை என்பது பாறையில் பொறிக்கத்தக்க பெருமையென்றால், வாங்குவதே நாட்டு வழக்கம் என்பது சொல்லாமலே விளங்கும் அன்றோ?

சோழர் கல்வெட்டுகளிலே அடிக்கடி தென்படும் வரிப்பெயர்களுள் வெட்டியும் ஒன்று. குடிமை, அந்தராயம், முட்டையாள் முதலிய பெயர்களோடு அது அணிவகுத்து நிற்கும். இறையிலி நிலம் வழங்கும்போது, இன்னின்ன வரிகள் நீக்கப்பட்டன என்று அடுக்கும் பட்டியல்களிலும் அது வரும். அந்தப் பட்டியல்களை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். நெல்லும் காசும் எப்படி வரியோ, அப்படியே மனிதனின் உடலுழைப்பும் வரி. நிலமில்லாதவன் நெல் அளக்கவேண்டியதில்லை. காசில்லாதவனிடம் காசு கறக்க இயலாது. ஆனால் கையும் காலும் இல்லாத ஏழை உண்டோ? கையும் காலும் இருப்பதே அவன் செய்த குற்றம். அந்தக் குற்றத்துக்கு விதித்த தண்டனையே வெட்டி.

ஊர்தோறும் இத்தகைய ஏவல் வேலைக்கென்றே நிறுத்தப்பட்டவனுக்கு வெட்டியான் என்று பெயர். அவன் மகனும் வெட்டியான், பேரனும் வெட்டியான். வேலை பிறப்போடு ஒட்டியது. பிறப்பு சாதியோடு ஒட்டியது. சாதிக்குச் சாத்திரம் காவல் நின்றது. சாட்டை எடுக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 'இது உன் தருமம், இது உன் தலைவிதி, இது உன் முற்பிறவியின் பயன்' என்று சொல்லிவைத்தால் போதும். ஆயிரம் சேவகர் செய்யவேண்டிய வேலையை அந்தச் சொற்களே செய்து முடித்தன.

மக்கள் எக்காலமும் பணிந்தே கிடந்தனர் என்று எண்ணிவிடவேண்டாம். விசயநகர ஆட்சிக் காலத்தில், 1429-ஆம் ஆண்டில், கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களின் கல்வெட்டுகள் வேறொரு காட்சியைக் காட்டுகின்றன. வலங்கை 98, இடங்கை 98 என்று பிரிந்து கிடந்த மக்கள், வரிக்கொடுமை தாங்காமல் ஒன்றுகூடினர். அதிகாரிகளோடும் நிலக்கிழார்களோடும் ஒத்துழைக்க மறுத்தனர். எவ்வரியை எவ்வளவு கொடுப்போம் என்பதைத் தாமே வரையறுத்துக் கல்லிலும் வெட்டிவைத்தனர். பிரித்து வைக்கப்பட்ட கைகள் இணைந்தபோது கட்டு தளர்ந்தது. ஆனால் அவிழவில்லை.

ஓலையும் பஞ்சமும்

சாட்டைக்கும் சாத்திரத்துக்கும் அடுத்து, ஓலை வந்தது.

பெரியபுராணத்திலே சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த கிழவரின் கதையைப் பலரும் அறிவர். சேக்கிழார் அதனைப் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். பந்தலுக்குள் நுழைந்த கிழவர், 'இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கிறது' என்கிறார். மணமகன் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறான். கிழவரோ, அது படிதான், மூல ஓலை வேறு இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் அவையிலே அதனை எடுத்துக் காட்டுகிறார். பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த அவையோர், 'நீ அடிமையே' என்று தீர்ப்பளிக்கின்றனர்.

கிழவராக வந்தவர் கடவுள் என்று கதை முடிகிறது. அந்த அற்புதத்தைப் பக்தர்களிடமே விட்டுவிடுவோம். கதைக்குள் இருக்கும் வழக்கு மன்றத்தை மட்டும் பார்ப்போம். அந்த அவையோர் கேட்டது என்ன? கையெழுத்து மெய்யா, பொய்யா என்பது ஒன்றே. பாட்டன் எழுதிய ஓலை பேரனை எங்ஙனம் கட்டும் என்று எவரும் கேட்கவில்லை. பிறவாத பிள்ளையின் சம்மதத்தை எவர் பெற்றார் என்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு வழிவழி அடிமை என்பது இயல்பாய் இருந்தது. அந்தணன் ஒருவன் அடிமையாவானா என்பதுதான் அங்கே வியப்பாகப் பட்டது. மற்றவன் அடிமையாவதில் வியப்பில்லை!

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1201-ஆம் ஆண்டு. திருப்பாம்புரம். பஞ்சம். வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு பெண்களையும் கோவிலுக்கு விற்றுக்கொண்டார். விலை 110 காசு. பட்டினிச் சாவினின்று தப்ப அவர் கண்ட வழி அது ஒன்றே.

இங்கே சாட்டை ஏந்தியவன் எவன்? ஒருவனும் இல்லை. கோவில் காசு கொடுத்தது, அவர் வாங்கிக்கொண்டார். 'நானே மனமுவந்து விற்றுக்கொண்டேன்' என்று சொல்லத்தக்க விதத்திலே காரியம் முடிந்தது. உண்மையில் அவரை விற்றது எது? வயிறு! பத்துப் பேர் சேர்ந்து கட்டிப்போட்டாலும் அவிழ்த்துக்கொண்டு ஓடக்கூடியவனை, ஒரு பிடிச் சோறு அசையாமல் உட்காரவைத்துவிடும். கருவறையிலே நிவேதனம் படைக்கும் இடத்தின் வாயிலில், பசித்து வந்தவனுக்குச் சோற்றை இலவசமாய்க் கொடுக்க மனமில்லை. ஆளை எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தனர். இந்த 110 காசை நினைவில் வைத்திருங்கள். இதற்கான மறுமொழி வர 781 ஆண்டுகள் ஆயின.

வெள்ளையர் எழுதிய சட்டங்கள்

கும்பினி ஆட்சி வந்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், மனிதன் மீது மனிதனுக்கு உடைமை உரிமை உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 374-ஆவது பிரிவு, ஒருவரின் விருப்பத்துக்கு மாறாகச் சட்டவிரோதமாய் வேலை வாங்குவது குற்றம் என்றது; ஓராண்டுவரை சிறை என்றும் விதித்தது. படிக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிரிவிலே ஒரு சொல் பதுங்கியிருப்பதைக் காணவேண்டும்: 'சட்டவிரோதமாய்!' அப்படியானால், சட்டப்படியே கட்டாய வேலை வாங்கலாம் என்பது தானே பொருள்?

ஆம், வாங்கினர். அதற்கென்றே சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் அது. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் ஆபத்து நேர்ந்தால், அருகிலுள்ள ஊர்களின் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது. குடிமராமத்து என்ற வழக்கமான வேலையைச் செய்யத் தவறியவர்களைச் சட்டத்தின் மூலம் செய்யவைக்கவும் வழி கோலியது.

வெள்ளம் வந்தால் ஊரைக் காக்க ஊரார் வரவேண்டாமா? வரவேண்டும், வரத்தான் வேண்டும். நமக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் யாரை அழைக்கச் சொன்னது சட்டம்? உடல்வலுவுள்ள ஆண்கள் எல்லாரையுமா? அன்று, 'உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த' ஆண்களை! கரை உடைந்தால் மிராசுதாரரின் நூறு வேலி நிலமும் மூழ்கும். பண்ணையாளின் குடிசையும் மூழ்கும். மண் சுமக்க மட்டும் பண்ணையாள்! வெள்ளம் வகுப்புப் பார்ப்பதில்லை. சட்டம் பார்த்தது.

மறு ஆண்டு, 1859-இல், மற்றொரு சட்டம் பிறந்தது. அவ்வாண்டின் பதின்மூன்றாவது சட்டமான அது, வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் எனப்பட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வரவில்லையா? முதலாளி குற்றவியல் நடுவரிடம் போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று நடுவர் ஆணையிடுவார். கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம்வரை கடுங்காவல். முதலாளி வாக்குத் தவறினால் அவனுக்கும் சிறை உண்டா என்று கேட்கிறீர்களா? அதற்கு அச்சட்டத்தில் இடமில்லை. பெருநகரங்களுக்கென்று தொடங்கிய இச்சட்டம், பின்னர் மலைத்தோட்டங்கள்வரை விரிந்தது. 1925-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டு, 1926 ஏப்ரலில்தான் செத்தது. அறுபத்தாறு ஆண்டுகள்!

கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழனைத் 'துண்டு' என்ற சீட்டு பின்தொடர்ந்தது. அவன் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். சந்தையிலே மாட்டை விற்போர் துணியால் கையை மூடியேனும் விலை பேசுவர். இங்கே மனிதன் விலையை வெளிப்படையாகவே தாளில் எழுதினர். 1921-இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1843-இல் அடிமை முறையை ஏட்டிலே புதைத்தவர்கள், முன்பணம் என்ற பெயரில் அதற்கு மறுபிறவி கொடுத்தனர். மறுபிறவியில் நம்பிக்கையில்லாத நாமும் இந்த ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்!

ஒரு நாடு, இரு தராசு

இதே ஆட்சியில், இதே காலத்தில், 1872-இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. அறிவோடு எழுதப்பட்ட சட்டம் அது என்பதை மறைக்கமாட்டோம். கையெழுத்து மட்டும் போதாது, அந்தச் சம்மதம் சுதந்திரமானதாக இருக்கவேண்டும் என்று அது சொன்னது. தண்டனைச் சட்டம் தடுத்துள்ள செயலைச் செய்தோ, செய்வதாக மிரட்டியோ, பொருளை முறைகேடாக மடக்கி வைத்தோ பெறும் சம்மதம் வல்லந்தம். ஒருவர் மற்றவரின் மனத்தை ஆட்டிப்படைக்கும் நிலையிலிருந்து அதைப் பயன்படுத்திப் பெறுவது தகாத செல்வாக்கு. இவ்விரண்டால் விளைந்த ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் தள்ளிவிடலாம். திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்க மறந்த கேள்வியை இச்சட்டம் கேட்டது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 1889-இல் தீர்ப்பான ரங்கநாயகம்மா வழக்கைச் சட்டம் பயில்வோர் அனைவரும் படிப்பர். அந்தப் பெண்ணுக்கு வயது பதின்மூன்று. கணவன் இறந்துவிட்டான். வீட்டிலே பிணம் கிடக்கிறது. குறிப்பிட்ட ஒரு பையனைத் தத்து எடுத்துக்கொண்டால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர் மறித்து நிற்கின்றனர். பாவை விளையாடும் பருவத்துச் சிறுமி என்ன செய்வாள்? சம்மதித்தாள். தத்தும் நடந்தது. அவள் சம்மதம் சம்மதமே அன்று, அந்தத் தத்து அவளைக் கட்டாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதின்மூன்று வயதில் தாலி கட்டியது கட்டாயம் என்று அந்த நாளில் எந்த மன்றமும் சொல்லவில்லை. கைம்பெண் என்று மூலையில் உட்காரவைத்ததும் கட்டாயமாகக் கருதப்படவில்லை. சொத்துக்கு வாரிசு யார் என்ற இடத்திலேதான் கட்டாயம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் தெரிந்ததே, அதுவரை நன்று.

1917-இல் அதே நீதிமன்றத்தில் மற்றொரு வழக்கு. தற்கொலை செய்துகொள்வேன் என்று ஒருவர் மிரட்ட, மனைவியும் மகனும் அஞ்சி, தங்கள் சொத்துரிமையை அவர் தம்பிக்கோ தமையனுக்கோ போகும்படி ஒரு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தனர். மிரட்டியவர் அடிக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை. ஆயினும் இதுவும் வல்லந்தமே என்றனர் நீதிபதிகளுள் பெரும்பான்மையோர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். அன்பும் அச்சமும்கூட மனிதன் கையைப் பிடித்துக் கையெழுத்திட வைக்கும் என்பதை அந்த மன்றம் அறிந்திருந்தது.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாரீர். சொத்துடையவன் பத்திரத்தில் கையெழுத்திட்டால், 'அது மனமுவந்து இட்டதா?' என்று நுணுகி நுணுகி ஆராய்ந்தது சட்டம். தோட்டக் கூலி முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்தால், 'வாங்கினாயா, இல்லையா?' என்று மட்டும் கேட்டுச் சிறைக்கு அனுப்பியது. 1917-இல் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் உயிரோடுதான் இருந்தது! தற்கொலை மிரட்டல் கட்டாயமாம். பிள்ளைகள் பட்டினியால் சாகும் நிலை கட்டாயம் அன்றாம். ஒரே நாடு, ஒரே ஆட்சி; தராசு மட்டும் இரண்டு. சொத்தை நிறுக்கப் பொன் நிறுக்கும் தராசு. உழைப்பை நிறுக்க விறகு நிறுக்கும் தராசு.

தெருவுக்கு வந்த சொல்

வழக்கறிஞர் வாயிலே இருந்த கட்டாயம் என்ற சொல் தமிழ்நாட்டுத் தெருக்களிலே முழக்கமாக எழுந்த ஆண்டு 1938. அவ்வாண்டு ஏப்ரலில், இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணையிட்டது. 'ஒரு மொழி கற்பது நல்லது தானே? நல்லதைக் கட்டாயமாக்கினால் என்ன?' என்று வாதாடினர். பெரியாரும் மறைமலையடிகளும் எழுப்பிய எதிர்ப்பிலே ஆண்களும் பெண்களும் கைக்குழந்தைகளும் சிறை புகுந்தனர். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாழ்வின்போது உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாயம் விலக்கப்பட்டது. எதைக் கற்பது நல்லது என்பதை எவர் தீர்மானிப்பது, கற்பவனைக் கேட்டா, கேளாமலா என்ற வினா அன்று முதல் நம் அரசியலின் அடிப்படை வினாவாயிற்று.

1953-இல் அதே முதலமைச்சர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம், எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழில் என்றது. திட்டத்தில் 'சாதி' என்ற சொல் இல்லை. ஆனால் சாதியால் தொழில் பிரிந்த நாட்டில் அப்பன் தொழில் என்பதற்கு வேறு பொருள் ஏது? வெட்டியான் மகனை மீண்டும் வெட்டியான் ஆக்கும் வழி அது. குலக்கல்வி என்று மக்கள் அதற்கு இட்ட பெயரே நிலைத்தது. 1954-இல் காமராசர் ஆட்சியிலே அது கைவிடப்பட்டது.

பசியும் கட்டாயமே

1950 சனவரி 26-இல் அரசமைப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1928-லேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் மக்களின் பரம்பரை ஊழியத்தை மாற்ற மசோதா கொண்டுவந்த அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட சட்டம் அது. அதன் 23-ஆவது பிரிவு, மனிதரை விற்பதையும், 'பேகார்' என்னும் கூலியில்லா வேலையையும், அவைபோன்ற பிற கட்டாய உழைப்பையும் தடை செய்தது. வடநாட்டின் பேகாரும் நம் வெட்டியும் ஒரே கொடுமையின் இரு பெயர்கள்.

அப்பிரிவின் இரண்டாம் பகுதியைப் பலர் படிப்பதில்லை. பொதுநலத்துக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம் என்கிறது அது. ஆனால் அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு என்று வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'உழைக்கும் வகுப்பு' என்ற சொற்களோடு இதனை ஒப்பிடுங்கள். கரை உடைந்தால் எல்லாரும் வரவேண்டும். மிராசுதாரரும் மண் சுமக்கவேண்டும்! கட்டாயம் தீது என்பதன்று புதுச் சட்டத்தின் கருத்து. கட்டாயம் எளியவன் தலையில் மட்டும் விடியக்கூடாது என்பதே அதன் கருத்து.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகத் தொடங்கி, 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கொத்தடிமை என்பதை அது எவ்வாறு விளக்குகிறது தெரியுமா? முன்பணத்துக்காக உழைப்பது, வழக்கம் என்பதற்காக உழைப்பது, முன்னோர் பட்ட கடனுக்காக உழைப்பது, இன்ன சாதியில் பிறந்தோம் என்பதற்காக உழைப்பது! கடன்கள் கழிந்தன என்றது; ஒரு கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்பதைக் கடன் கொடுத்தவனே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. சுந்தரரின் பாட்டன் எழுதிய ஓலை, 1859-இன் முன்பணம், வெட்டியானின் பிறப்பு ஆகிய மூன்றும் ஒரே பிரிவிலே குற்றவாளிக் கூண்டில் ஏறின.

இன்னும் ஒன்று எஞ்சியிருந்தது. திருப்பாம்புரத்து வயிறு!

1982-இல் தில்லியிலே ஆசிய விளையாட்டுப் போட்டி. வானளாவிய அரங்குகளைக் கட்ட ஊரூராய் ஆட்கள் வந்தனர். நாள் ஒன்றுக்குக் குறைந்த அளவு கூலி 9 ரூபாய் 25 காசு. இடையில் நின்ற ஆள் பிடிப்போர் ஆளுக்கு ஒரு ரூபாய் கழித்துக்கொண்டனர். கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. மக்கள் உரிமைக் கழகம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காயிற்று. 'அவர்களாகத்தானே வந்தார்கள்? எவர் கட்டாயப்படுத்தினார்?' என்ற பழைய வினா எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நீதிபதி பகவதி தந்த தீர்ப்பு, அவ்வினாவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உடல்வலிமையால் வரும் கட்டாயம் உண்டு. சட்டத்தால் வரும் கட்டாயம் உண்டு. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் தள்ளும் கட்டாயமும் உண்டு. குறைந்த அளவு கூலிக்கும் குறைவாக ஒருவன் உழைக்கிறான் என்றால், அது கட்டாய உழைப்பே என்றது தீர்ப்பு. மறு ஆண்டு, 1983-இல், இராசத்தானத்துப் பஞ்ச நிவாரண வேலைக்கும் இதே நீதி சொல்லப்பட்டது. பஞ்சம் என்று சொல்லிக் கூலியைக் குறைக்க அரசுக்கும் உரிமையில்லை!

பஞ்சத்தில் 110 காசுக்குத் தம்மையும் மக்களையும் விற்றவரைக் கட்டியது எது என்று 1201-இல் எவரும் கேட்கவில்லை. 1982-இல் கேட்டனர், மறுமொழியும் கூறினர்.

கட்டாயத்தின் திசை

அதனால் எல்லாம் முடிந்ததா? இல்லை. தண்டனைச் சட்டம் 2024 சூலை முதல் பாரதிய நியாய சங்கிதை என்று பெயர் மாறியது. பழைய 374-ஆவது பிரிவு அங்கே 146-ஆவது பிரிவு. தண்டனை? 1860-இல் விதித்த அதே ஓராண்டு! நோய்த்தொற்றுக் காலமான 2020-இல், குசராத்து அரசு ஆலைத் தொழிலாளரை 12 மணி நேரம் வேலை வாங்கலாம், மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்று ஆணையிட்டது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியபோதும் 23-ஆவது பிரிவையே துணைக்கு அழைக்கவேண்டி வந்தது. செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர்கள் மீட்கப்பட்டார்கள் என்ற செய்தி இன்றும் நாளேட்டில் வரத்தான் செய்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் மற்றொரு சட்டம். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவன் இன்னும் எந்தச் சாதியிலிருந்து வருகிறான் என்பதைக் கண்ணுள்ளோர் காண்பர்.

எனினும் நம்பிக்கைக்கு இடம் தரும் ஒரு மாற்றத்தைச் சொல்லவேண்டும். அது நாம் நிற்கும் வகுப்பறையைச் சேர்ந்தது. 1920-ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் முதலே 'கட்டாயக் கல்வி' என்ற சொல் நம்மிடம் உண்டு. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 'கட்டாயம்' என்ற அச்சொல்லுக்கே விளக்கம் எழுதியது. பெற்றோருக்கும் அது கடமை சொல்கிறது. ஆனால் கட்டாயம் என்பதன் பொருள், கல்வியைத் தரவேண்டிய அரசின் பொறுப்பே என்று விளக்குகிறது. வெட்டி என்றும் ஊழியம் என்றும் ஆண்டவன் ஆளப்பட்டவனைக் கட்டிய கயிறு, இங்கே திரும்பி ஆள்வோரின் கையைக் கட்டுகிறது.

இதுவே நாம் கண்ட முடிவு. சட்டத்திலே கட்டாயம் இருக்கிறதா, இல்லையா என்று கேட்பது அரைக்கேள்வி. அது எவரைக் கட்டுகிறது என்பதே முழுக்கேள்வி. இளைஞர்களே! நாளை ஒரு சட்டம் வரும். ஒரு திட்டம் வரும். 'நன்மைக்காகத்தான்' என்று சொல்லிக்கொண்டு வரும். கையெழுத்து இருக்கிறதே, சம்மதம் இருக்கிறதே என்று தாளைக் காட்டுவார்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் வயிறு இருக்கிறதா, சாதி இருக்கிறதா, பாட்டன் பட்ட கடன் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மண் சுமக்க அழைக்கும்போது மிராசுதாரரும் வருகிறாரா என்று திரும்பிப் பாருங்கள்.

அந்த மாணவர்கள் இருவரையும் மறுநாள் அழைத்தோம். வெட்டி என்ற சொல்லின் கதையைச் சொன்னோம். ஏசியவன் தலை குனிந்தான். ஏசப்பட்டவன், "அப்படியானால் சார், வெட்டி என்பவன் உழைத்தவனா?" என்று கேட்டான். ஆம் தம்பி, உழைத்தவன், கூலி பெறாதவன். அந்தக் கூலிக்கணக்கு இன்னும் தீரவில்லை.